அடுத்தவர் கணக்கில்

ஒருவருடைய வேலை முடிந்துவிட்டது என்று அறிவிப்பதற்காக, அதில் சற்றும் சம்பந்தமில்லாத இன்னொருவருடைய வேலையை நிறுத்தலாமா? நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், நிறுத்தப்பட்டவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

அறவியல் வகுப்பில் கேட்கும் கேள்வி போல இருக்கிறது. ஆனால் இதற்கு நான் படித்த பதில்களில் மிக நுணுக்கமானது தத்துவ நூல் எதிலும் இல்லை. 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பி.டி.பி.-11 என்ற கணினிக்காக எழுதியது. மொத்த கெர்னலும் பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர், மூலத்தின் வரிகளுக்கு எண் போட்டு, நம்முடைய உரையாசிரியர்கள் போலவே அதற்கு ஓர் உரை எழுதினார். உரிமச் சிக்கலால் 1996 வரை அது முறையாக அச்சாகவில்லை. நகலின் நகலாகத்தான் கைமாறியது. பழைய கணினிகளின் மேல் பைத்தியமாக இருப்பவர்கள் இன்றும் அந்தக் கெர்னலை எமுலேட்டரில் ஓட்டுகிறார்கள், அதைப் பார்த்துப் புதிதாகவும் எழுதுகிறார்கள். நான் சொல்ல வருவது அதில் ஒரு சிறு பகுதியைப் பற்றி மட்டும்: ஹார்டுவேர் இன்டரப்ட். குறுக்கீடு என்று சொல்லிக்கொள்வோம்.

கணினியில் கணக்குப் போடும் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் மந்தம். வட்டு சுழன்று வரவேண்டும். அச்சு இயந்திரத்தின் தலை நகரவேண்டும். தட்டச்சு செய்கிறவர் அடுத்த எழுத்தை யோசிக்கவேண்டும். இவற்றுக்காகக் காத்திருக்க இரண்டே வழிதான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பது ஒன்று. குக்கரை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது, விசில் வந்தால் ஓடுவது இன்னொன்று. விசில்தான் குறுக்கீடு. வட்டு தன் வேலையை முடித்ததும் ஒரு கம்பியில் மின்னழுத்தத்தை மாற்றும்; பிராசஸர் செய்துகொண்டிருப்பதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, வட்டைக் கவனிக்கும் நிரலுக்குத் தாவும்.

இது எவ்வளவு பயங்கரமான ஏற்பாடு என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் டைக்ஸ்ட்ரா. 1950களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாமில் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் இந்த வசதியை வைக்கலாம் என்றபோது, அவர் நடுங்கிப்போனார். முடிவைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதுவரை ஒரு நிரல் தவறு செய்தால், அதே உள்ளீட்டைக் கொடுத்து அதே தவறைத் திரும்ப வரவழைக்கலாம். குறுக்கீடு வந்துவிட்டால் அது போச்சு. எந்தக் கணத்தில், எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் நிறுத்தப்பட்டோம் என்பது ஒவ்வொரு முறையும் வேறு. அந்தக் கணம் திரும்பி வரவே வராது. கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார், 1959-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டையே இதைப் பற்றி எழுதினார். பயந்தவரே வேலியும் போட்டார்.

சரி, ஆறாம் பதிப்புக்கு வருவோம். நான் வட்டிலிருந்து ஒரு கோப்பைப் படிக்கச் சொல்கிறேன். படித்து முடியும்வரை என் நிரலைத் தூங்க வைத்துவிட்டு, கெர்னல் பிராசஸரை உங்கள் நிரலுக்குக் கொடுக்கிறது. நீங்கள் ஏதோ பெருக்கல் கணக்கில் இருக்கிறீர்கள். என் வட்டு வேலை முடிகிறது. யார் நிறுத்தப்படுகிறார்கள்? நீங்கள். நான் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

வட்டைக் கவனிக்கும் நிரலுக்கென்று தனி வீடு கிடையாது. உங்கள் நிரலுக்காகக் கெர்னல் வைத்திருக்கும் ஸ்டாக்கின் மேலேயே, வாடகை இல்லாமல் வந்து உட்கார்கிறது. அதனால்தான் அதற்கு இவ்வளவு கட்டுப்பாடு. உட்காரும் முன் தொடப்போகிற ரிஜிஸ்டர்களை எடுத்து வைக்கவேண்டும், எழும்போது அப்படியே திருப்பி வைக்கவேண்டும். 'தற்போது ஓடும் நிரல்' பற்றிய தகவல்கள் எதிரிலேயே இருக்கும். ஆனால் அவை உங்களுடையவை, என்னுடையவை அல்ல, ஆகவே என் காரியத்துக்காக அவற்றைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது தூங்கக்கூடாது. எதற்காகவாவது காத்திருக்க ஆரம்பித்தால், தூங்கப்போவது அது அல்ல, பாவம், நீங்கள். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். படுக்கை விரிக்க முடியாது.

இந்தக் கட்டுப்பாடுகளின் உச்சம் கடிகாரம். மின்கம்பியின் துடிப்பை வைத்து அமெரிக்காவில் நொடிக்கு 60 முறை அது எல்லோரையும் நிறுத்தும். நொடி ஒன்று நிறைவானதும் அதற்குக் கொஞ்சம் நீளமான வேலைகள் உண்டு: நேரத்தை ஒரு நொடி ஏற்றுவது, தூங்குகிறவர்களை எழுப்புவது, முன்னுரிமைகளைத் திரும்பக் கணக்கிடுவது. அவற்றில் இறங்கும் முன் அது ஒன்றைப் பார்க்கிறது: நான் யாரை நிறுத்தினேன்? நிறுத்தப்பட்டவர், 'இப்போது என்னைத் தொந்தரவு செய்யாதே' என்று முன்னுரிமையை உயர்த்தி வைத்துக்கொண்டு கெர்னலுக்குள் முக்கியமான காரியத்தில் இருந்தவரா? அப்படியானால் துடிப்பை மட்டும் எண்ணிவிட்டு உடனே போய்விடுகிறது. நீளமான வேலை அடுத்த துடிப்பில், அல்லது அதற்கடுத்ததில். எண்ணிக்கை விடுபடுவதில்லை, அதனால் நேரமும் தவறுவதில்லை. கதவைத் தட்டிய பிறகு, உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்த்து, 'பரவாயில்ல, அப்புறமா வரேன்' என்று திரும்பும் நாகரிகம். ஒரே ஒரு 'இஃப்' வரி.

பி.டி.பி.-11இல் சாதனங்களுக்கு முன்னுரிமை எண்கள் உண்டு. கடிகாரத்துக்கு 6, வட்டுக்கு 5, மனிதர்கள் உட்கார்ந்து தட்டும் டெர்மினலுக்கு 4. மனிதருக்குத்தான் கடைசி இடம்! ஆனால் இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. அடுத்த துடிப்புக்குள் கவனிக்காவிட்டால் கடிகாரத்தின் ஒரு துடிப்பு தொலைந்தே போகும். மனிதர் அடுத்த விசையைத் தட்டுவதற்குள் கெர்னல் ஆயிரக்கணக்கான கட்டளைகளை முடித்துவிடும். யாரால் காத்திருக்க முடியாதோ அவர் முதலில். இந்த எண்கள் தகுதியைச் சொல்வதில்லை, பொறுக்க முடியாமையைச் சொல்கின்றன.

நம் வீடுகளிலும் ஒரு பட்டியல் இருக்கிறது, யாரும் எழுதி வைக்காத பட்டியல். செய்தித்தாள் படிக்கும் அப்பாவை யாரும் கூப்பிடுவதில்லை. கையில் மாவோடு இருக்கும் அம்மாவை எல்லோரும் கூப்பிடுகிறோம். யாரால் காத்திருக்க முடியும் என்று பார்த்துப் போட்ட எண்களா இவை? செய்தித்தாள் காத்திருக்கும், தாளித்துக்கொண்டிருக்கும் எண்ணெய் காத்திருக்காது. அதோடு, எந்திரத்துக்கு இருக்கும் ஸ்டாக் அம்மாவுக்கு இல்லை. அங்கே எடுத்து வைத்தது அப்படியே திரும்பக் கிடைக்கும். இங்கே, 'உப்பு போட்டேனா இல்லையா' என்று நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

எடுத்து வைத்தது முழுசாகத் திரும்பக் கிடைத்தால் கடன் தீர்ந்துவிடுமா? நிறுத்தப்பட்ட நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. அதன் கண்ணில் ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவே எதுவும் நடக்கவில்லை. தெரியாத இழப்பு இழப்பா என்று கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. நிரலுக்குத் தெரியாதுதான். டெர்மினல் முன்னால் உட்கார்ந்து விடைக்காகக் காத்திருக்கும் ஆளுக்குத் தெரியும். நிரலைப் பார்த்துக்கொண்டே பேசினால் அவர் கண்ணில் படமாட்டார்.

அப்படியானால் குறுக்கீடே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டால்? கெர்னலுக்கு அந்த உரிமை உண்டு, அவசியமும் உண்டு. ஒரு பட்டியலின் கண்ணியைப் பாதி மாற்றியிருக்கும்போது யாராவது உள்ளே வந்து அதே பட்டியலைத் தொட்டால் எல்லாம் நாசம். ஆறாம் பதிப்பில் முன்னுரிமையை 6-க்கு உயர்த்தும் வரிக்கும், பூஜ்யத்துக்கு இறக்கும் வரிக்கும் நடுவில் பெரும்பாலும் சில வரிகள்தான் இருக்கும். அந்தச் சிக்கனம் ஏன் என்பது 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யைப் பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். அதன் சீரியல் போர்ட்டில் இருந்த 8250 என்ற சில்லு, வந்து சேர்ந்த எழுத்துகளில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். 9600 பாட் வேகத்தில் மில்லிவினாடிக்குச் சுமார் ஓர் எழுத்து வந்துகொண்டிருக்கும். நொடிக்கு 47.7 லட்சம் துடிப்புள்ள பிராசஸருக்கு அது ஐயாயிரம் துடிப்பு. அதற்குள் கதவு திறக்காவிட்டால், அடுத்த எழுத்து முந்தியதன் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். பிறகு ஒரு பிட் மட்டும் எழும்பி நிற்கும். ஏதோ தொலைந்தது என்று அது சொல்லும், எது என்று சொல்லாது. கதவைச் சாத்தியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பின்னால் வந்த 16550ஏ சில்லு 16 எழுத்துகளைத் தாங்கும். வெளியே நிற்பவருக்கு ஒரு திண்ணை கட்டிக் கொடுத்த மாதிரி. நிரலாளர்களை இன்னும் கண்ணியமாக எழுதச் சொல்வதை விட இது பலன் தந்தது.

எந்தக் கதவாலும் தடுக்க முடியாத குறுக்கீடு என்று ஒன்றும் உண்டு. பி.சி.யில், நினைவகத்தில் பிழை கண்டால் அது வரும். ஆனால் பி.சி.யை வடிவமைத்தவர்கள், அதையும் தடுப்பதற்கு வெளியே ஒரு பிட்டை வைத்திருந்தார்கள். தடுக்கவே முடியாதது என்று பெயர் வைத்து, தாழ்ப்பாளையும் வைத்த மனிதர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

திரும்ப ஆறாம் பதிப்பு. அதன் நாகரிகத்தை இவ்வளவு புகழ்ந்தாயிற்று. அதன் கணக்குப் புத்தகத்தையும் பார்க்கத்தானே வேண்டும்? ஒவ்வொரு துடிப்பிலும் கடிகாரம், யார் பெயரில் பிராசஸர் ஓடிக்கொண்டிருந்ததோ அவர் கணக்கில் ஒரு துடிப்பை எழுதுகிறது. அந்த நொடியில் கெர்னல் என் வட்டைக் கவனித்துக்கொண்டிருந்தாலும், எழுதுவது உங்கள் பெயரில். ஸ்டாக் உங்களுடையது அல்லவா.

ஒருவருக்கொருவர் மொய் வைப்பது மாதிரி, இன்று என் வட்டுக்கு நீங்கள், நாளை உங்கள் வட்டுக்கு நான், சராசரியில் சரியாகிவிடும் என்று சொல்லலாம். எல்லோரும் ஒரே மாதிரி வேலை செய்தால் சரியாகும். வட்டைத் தொடவே தொடாமல், நாள் முழுக்கக் கணக்கு மட்டும் போடுகிற நிரல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். மற்றவர்கள் தூங்கும்போதெல்லாம் விழித்திருப்பது அதுதான், ஆகவே எல்லோருடைய விசிலுக்கும் எழுந்து போவதும் அதுதான். அதற்காக எழுந்து போக ஒருவரும் இல்லை, ஏனென்றால் அதற்கு விசிலே இல்லை. போதாததற்கு, அதே துடிப்பு இன்னொரு எண்ணிலும் ஏறுகிறது: இந்த நிரல் பிராசஸரை எவ்வளவு தின்றது என்ற எண். அது ஏற ஏற அந்த நிரலின் முன்னுரிமை இறங்கும். அடுத்தவர் விருந்தாளியைக் கவனித்த நேரத்துக்காக வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறது.

திருத்தியிருக்க முடியாதா? முடியும். குறுக்கீட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் நேரத்தைக் குறித்து, உரியவர் கணக்கில் மாற்றி எழுதலாம். அதற்கு ஒவ்வொரு குறுக்கீட்டிலும் கூடுதலாகச் சில கட்டளைகள் வேண்டும். அவற்றை ஓட்டும் நேரமும் நிறுத்தப்பட்டவரிடமிருந்தே எடுக்கவேண்டும். 60-இல் ஒரு பங்கு நொடியைவிட நுணுக்கமாக அளக்க அந்த எந்திரத்தில் வேறொரு கடிகாரத்தையும் வாங்கி மாட்டவேண்டும். அவர்கள் செய்யவில்லை.

அந்த யூனிக்ஸில் 'டைம்' என்று தட்டி, பக்கத்தில் ஏதாவது ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால், அது முடிந்ததும் மூன்று வரி அச்சாகும்: கடிகார நேரம், நிரல் எடுத்த நேரம், நிரலுக்காகக் கெர்னல் எடுத்த நேரம். மூன்றாவது வரியில் வரும் எண்ணில் பக்கத்து அறைக்காரர் படித்த கோப்பும் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த எந்திரத்தில் எங்கேயும் ஒரு குறிப்பு கிடையாது.