சொல்லாமல் வைத்த பெயர்

தன் வரலாறு எழுதப் புகுகிறவர் தம்மைப் பற்றி மட்டும் எழுதிவிட முடிவதில்லை. தாயும் தந்தையும் பக்கந்தோறும் உடன் வருகின்றனர். அவர்களோ பெரும்பாலும் மறைந்தவர்கள். மறுமொழி கூற இயலாதவர்கள். அவர்தம் குறைகளை அச்சேற்ற மகளுக்கு உரிமை உண்டா? அமெரிக்க நகைச்சுவை நடிகை கரோல் பர்னெட்டின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1933இல் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் பிறந்தவர் அவர். தாய், தந்தை இருவருமே குடிக்கு அடிமையானவர்கள். இருவரும் ஐம்பது வயதைக் காணவில்லை. சிறுமியை வளர்த்தவர் பாட்டி. ஹாலிவுட்டில் ஓர் ஒற்றை அறையே அவர்களுக்கு வீடு. பின்னாளில் 1967 முதல் 1978 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தம் பெயராலேயே நிகழ்ச்சி நடத்தி நாட்டையே சிரிக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் முடிவில் இடக்காதை மெல்ல இழுத்துவிடுவார். நலமாயிருக்கிறேன் என்று பாட்டிக்குச் சொல்லும் சைகை அது. பாட்டி மறைந்த பின்னும் அது நிற்கவில்லை.

1976இல் 'நேஷனல் என்குவயரர்' என்னும் இதழ், வாஷிங்டன் உணவகம் ஒன்றில் அவர் குடிமயக்கத்தில் இருந்ததாகப் பொருள்படும் செய்தியொன்றை வெளியிட்டது. அது பொய். பெற்றோரைக் குடியில் இழந்தவருக்கு அதைவிடக் கொடிய பழி வேறென்ன? வழக்குத் தொடுத்தார். 1981இல் நடுவர் குழு 16 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டில் அது 2 லட்சமாகச் சுருங்கியது. இதழியல் அறம் கற்பிக்கவென்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நிதி வழங்கினார்.

அவரே 1986இல் 'ஒன் மோர் டைம்' என்னும் நினைவுநூலில் தம் பெற்றோரின் குடியை மறைக்காமல் எழுதினார். இது முரண் அன்றோ? முன்னது பொய், பின்னது மெய் என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் அவ்விடை போதாது. மெய்யாலும் ஒருவரைக் கொல்லலாம். வள்ளுவர் வாய்மைக்குத் தீங்கின்மையை அளவாக வைத்தது வீணன்று. வேறுபாடு பிறிதோரிடத்தில் இருக்கிறது. வம்பு எழுதியவருக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. மகளோ தாயின் அவலத்தை எழுதும்போது தானும் அதே அறையில் நிற்கிறாள். மேலும், அந்நூலைத் தம் மூன்று மகள்களுக்கு எழுதும் மடலாகவே அவர் அமைத்தார். மூத்தவள் கேரி பதின்பருவத்திலேயே போதைக்கு ஆட்பட்டு மீண்டவள். அக்குடும்பத்தில் மௌனம் மரியாதையாகாது. நோயை அடுத்த தலைமுறைக்கு மூடிக் கொடுப்பதாகவே ஆகும். அந்நூலைத் தாயும் கேரியும் சேர்ந்து நாடகமாக்கினர். 2002இல் அது மேடையேறியபோது கேரி இல்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் 38ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்திருந்தாள்.

ஆயினும் என் தயக்கம் முற்றும் நீங்கவில்லை. மகள்களுக்கு எழுதிய மடல் கடையில் விற்கப்பட்டது. மகள்கள் அறிய வேண்டியதை ஊரும் அறிய வேண்டுமா? அவ்வூரில் இன்னும் எத்தனையோ குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தனர் என்பது ஒரு விடை. நல்ல விடைதான். ஆனால் அந்தத் தாயிடம் யாரும் இசைவு கேட்கவில்லை.

இங்கே மற்றொரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1954இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த பர்னெட்டின் நடிப்பை ஒரு விருந்தில் கண்ட செல்வர் ஒருவர், நியூயார்க் சென்று நடிகையாக அவருக்கு 1,000 டாலர் கடன் தந்தார். நிபந்தனைகள் சில: ஐந்து ஆண்டில் வட்டியின்றித் திருப்பித் தரவேண்டும்; வென்றால் பிறருக்கு உதவ வேண்டும்; கொடுத்தவர் பெயரை எவரிடமும் சொல்லலாகாது. கடன் குறித்த நாளில் அடைந்தது. இக்கதையை அவர் பலமுறை கூறியிருக்கிறார். தாயின் குடியை, மகளின் போதையை, தம் வறுமையை எழுதிய அக்கை, அந்த ஒரு பெயரை மட்டும் எழுதவில்லை. அவர் கேட்டுக்கொண்டார், இவர் காத்தார். தாயும் அவ்வாறு கேட்டிருந்தால் அந்நூல் எப்படி இருந்திருக்கும்?