உள்வளையம்

பழைய மோட்டார் சைக்கிளில் சக்கர பேரிங் போய்விட்டதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி இன்ஜினுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, டயரை இரண்டு பக்கமும் பிடித்துக் குறுக்கே ஆட்டினால் போதும். போயிருந்தால் 'டொக்' என்று கைக்குத் தெரியும். அல்லது சக்கரத்தைச் சுழலவிட்டு ஃபோர்க்கின் மேல் விரலை வைத்துப் பார்க்கலாம். மணல் அரைபடுவதுபோல ஒரு கரகரப்பு விரலில் ஏறும். இவ்வளவுதான். கஷ்டம் இதற்குப் பிறகு வருகிறது. அதைச் சரிசெய்தவர் ஒழுங்காகச் சரிசெய்தாரா என்று அன்றைக்கே தெரிந்துகொள்ள நமக்கு வழி கிடையாது.

பேரிங் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள், நடுவே குண்டுகள். சின்ன வயதில் பால்ரஸ் என்று கேட்டு வாங்கிக் கோலி ஆடுவோமே, அதே குண்டுகள். வெளிவளையம் ஹப்புக்குள் இறுக்கமாக உட்காரும், உள்வளையம் ஆக்ஸிலோடு நிற்கும். புது பேரிங்கை ஹப்பில் இறக்கும்போது வெளிவளையத்தின் மேல் மட்டும்தான் அடிக்க வேண்டும். அளவான பாக்ஸ் ஸ்பேனரையோ, கழற்றிய பழைய பேரிங்கையோ மேலே வைத்து, நாலாபுறமும் சமமாகத் தட்டி இறக்குவார்கள். அவசரத்தில் உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பள்ளங்கள் விழும். அன்றைக்கு சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றும். சில மாதம் கழித்து முனக ஆரம்பிக்கும். அப்போது நாம் ரோட்டைத் திட்டுவோம், பேரிங் கம்பெனியைத் திட்டுவோம், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்போம். அந்த அடியை யாரும் நினைக்க மாட்டோம். சரியாக அடித்தவருக்கும் தப்பாக அடித்தவருக்கும் பில் ஒன்றுதான்.

சென்னையில் இந்த விஷயம் ஒட்டுமொத்தமாகச் சோதனைக்கு வந்தது 2015 டிசம்பரில். செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்கி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. நான் அப்போது கோட்டூர்புரத்தில் வாடகைக்கு இருந்தேன். அப்பாவின் 350 புல்லட் டேங்க் வரைக்கும் தண்ணீரில் நின்றது. திருவொற்றியூரில் செய்த வண்டி. ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதால் இந்த ஊர் ரோட்டுக்குச் சொந்தமாகிவிட்ட வண்டி. வடிந்த பிறகு ஊரில் எந்த மெக்கானிக் கடையைப் பார்த்தாலும் வரிசை. எல்லோரும் பேசியது இன்ஜினைப் பற்றி. பால் டீ நிறத்துக்கு மாறிப்போன ஆயிலை மாற்று, கார்புரேட்டரைக் கழுவு, பிளக்கை மாற்று. ஸ்டார்ட் ஆகிவிட்டால் வண்டி பிழைத்துவிட்டது. சக்கரத்தைப் பற்றிக் கேட்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் இரண்டு சக்கரமும் கழன்று கிடக்கின்றன.

"வண்டிதான் ஓடுதே அண்ணா?"

"ஓடட்டும் தம்பி. இது இப்போ பேசாது. மூணு மாசம் கழிச்சுப் பேசும், அதுவும் எங்கயாவது கிண்டி பாலத்து மேல பேசும்."

ஆயில் சீலை நெம்பி எடுத்துக் காட்டினார். கிரீஸ் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஆற்றுச் சேறு. மண்ணெண்ணெயில் கழுவி, டிரம்மின் துருவைத் தேய்த்து, பேரிங் மாற்றி, புது சீல் போட்டு மூட ஏறக்குறைய அரை நாள். வெளியே முப்பது வண்டிகளாவது காத்திருந்திருக்கும். அவர் சக்கரத்தைத் தொடாமல் விட்டிருந்தால் நான் உட்பட ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம்.

பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் பகுதியில் கிளாக்கன் ஒரு மோதிரக் கதை சொல்வான். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் முகப்பை உள்பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அரசியைத் தன் பக்கம் இழுக்கிறான், அரசனைக் கொன்று நாட்டைப் பிடிக்கிறான். இப்படி ஒரு மோதிரம் நல்லவனிடம் ஒன்று, கெட்டவனிடம் ஒன்று இருந்தால் இருவர் நடத்தையிலும் வித்தியாசம் இருக்குமா என்பது கிளாக்கனின் கேள்வி. ஹப்பை மூடும் ஒவ்வொரு மெக்கானிக்கும் அந்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

பொருளாதாரக்காரர்கள் கதையெல்லாம் சொல்வதில்லை. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகெர்லோஃப் 1970இல் எழுதிய கட்டுரைக்காக 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பொருளின் தரம் விற்பவருக்கு மட்டும் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தர மாட்டார். நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். இதை அப்படியே நீட்டினால், அரை நாள் செலவழித்துச் சேறு கழுவுகிற ஆள் அந்தச் சந்தில் இருக்கவே கூடாது. ஆனால் இருக்கிறார்.

(இந்த இடத்தில் யாராவது பிர்சிக்கின் 1974 புத்தகத்தை நீட்டுவார்கள். நல்ல புத்தகம்தான். ஆனால் அங்கே கடைக்காரர்கள் மேல் நம்பிக்கை போய் வண்டிக்காரரே ஸ்பேனரைப் பிடித்துவிடுகிறார். நாமே பிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை காணாமல் போய்விடும். எனக்கு மீதிப் பாதிதான் கவலை.)

ஏன் அண்ணா இவ்வளவு மெனக்கெடுறீங்க என்று ஒருநாள் அவரையே கேட்டேன். "கை கெட்டுடும் தம்பி" என்றார். "ஒரு தடவ அவசரத்துல உள்வளையத்துல அடிச்சோம்னு வையேன், அடுத்த தடவ சுத்தி தானா அங்கயே போவும்." அநீதி முதலில் குலைப்பது அதைச் செய்பவனின் ஆன்மாவை என்று பிளேட்டோ பல பக்கம் சுற்றிச் சொல்வதை இவர் மணிக்கட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

எனக்கு இந்தப் பதில் பிடிக்கும். பிடிப்பதாலேயே கொஞ்சம் சந்தேகமும் உண்டு. நேர்மையை முழுக்கத் தொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டு வாடிக்கையாளர் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். நாம் செய்வதும் அதுதான். டப்பாவில் அச்சடித்த பேரிங் விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். லேபரில்தான் பேரம் பேசுகிறோம். 6203 என்று பேரிங்கில் போட்டிருந்தால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் ஜெர்மனியில் வாங்கினாலும் இதேதான். அந்த எண் அளவைச் சொல்லும், இரும்பின் தரத்தைச் சொல்லாது. யார் எப்படி இறக்கினார் என்பதையோ எந்த எண்ணும் சொல்லாது. கழற்றிய பழைய பேரிங்கைப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பது நல்ல வழக்கம். இப்போது சில கடைகளில் வாட்ஸ்அப்பில் வீடியோவே அனுப்புகிறார்கள். புதுசு போட்டார்கள் என்பதற்கு அது சாட்சி. உள்ளே மண்ணைக் கழுவிய அரை நாளுக்குச் சாட்சி ஏது? அதைப் பார்க்காமலே காசு கொடுக்க முடிகிறவர்தான் அந்த வேலை நடக்கக் காரணமாகிறார்.

அப்படிக் காசு கொடுக்க எல்லோராலும் முடியாது என்பதையும் அதே கடையில்தான் பார்த்தேன். டெலிவரி வேலை பார்க்கும் ஒரு பையன், தி.நகருக்கும் அடையாறுக்கும் நாள் முழுக்க ஓடுகிறவன், பழைய 100 சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்சக்கரத்தில் பேரிங் மட்டும் போகவில்லை. அது உட்காரும் ஹப்பே தேய்ந்து, வெளிவளையம் உள்ளே தனியாகச் சுற்றியிருக்கிறது. லேத்தில் கொடுத்து புஷ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஹப்பை மாற்ற வேண்டும். வண்டி ஒரு நாளாவது நிற்கும்.

"அண்ணா, இன்னிக்கு ஓட்டலன்னா இன்னிக்குக் காசு இல்லண்ணா."

மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சென்டர் பஞ்சை எடுத்து, பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் குத்தினார். குத்திய இடம் மேடாகும். பேரிங் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நாளைக்கு. மூடுவதற்கு முன் அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். "நல்லாப் பாத்துக்கடா. இது வேல இல்ல, ஒப்பேத்தறது. ஒரு மாசம். அதுக்குள்ள ஹப்ப கொண்டா." பேரிங்குக்கு மட்டும் காசு வாங்கினார்.

அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சரியான வேலையைச் செய்யவில்லை, ஆனால் எதையும் மறைக்கவில்லை. சொன்ன கணத்தில் மோதிரத்தைக் கழற்றிவிட்டார். ஆனால் கழற்றிய மோதிரம் எங்கே போனது? இப்போது அந்த ஹப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் அந்தப் பையன். ஞாயிற்றுக்கிழமை பின்னால் உட்காரப்போகிறவருக்குத் தெரியாது. பனகல் பார்க் பக்கம் ரோட்டைக் கடக்கிறவருக்குத் தெரியாது. நாளைக்கு வண்டியை விற்றால் வாங்குகிறவருக்கும் தெரியாது. அவன் சம்மதித்தான், இவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனுடைய நிமிடங்களை எண்ணுகிற ஆப் பேரிங்கைப் பற்றிக் கேட்பதில்லை. பிரியாணி இன்னும் வரவில்லையே என்று போனில் அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நானும் கேட்பதில்லை.

"அவன் வரலன்னா?" என்றேன்.

மெக்கானிக் ஷட்டருக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். சாக்பீஸில் வண்டி எண்களின் கடைசி நாலு இலக்கங்கள், பக்கத்தில் தேதிகள். சிலவற்றை அடித்திருந்தார். சிலவற்றில் தேதி எப்போதோ கடந்திருந்தது.

"போன வாரம் நாலு பேருக்குப் போன் பண்ணேன். ரெண்டு பேரு எடுத்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சக்கரத்தை மடியில் இழுத்துவைத்து சீலை நெம்ப ஆரம்பித்தார்.