கண்டவன் கடன்

தென்துருவக் கடலில் மிதக்கும் பனிப்பாறைகளுக்கும் பெயர் உண்டு என்றால் நம்மிற் பலர் வியப்படைவர். அக்கடலை நான்கு கூறாக்கி, ஒரு பெரும்பாறை முதலில் காணப்பட்ட கூறுக்குரிய ஆங்கில எழுத்தோடு வரிசை எண்ணையும் சேர்த்து, அமெரிக்க தேசியப் பனி மையம் அதற்குப் பெயரிடுகிறது. உடைந்த துண்டுக்கு மேலும் ஓர் எழுத்து. அவ்வாறு பெயர் பெற்றதே ஏ-23ஏ. 1986இல் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து பிரிந்த பாறையின் பெருந்துண்டு அது. வெட்டெல் கடலின் அடித்தரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தட்டி நின்று, 2020இல் அசையத் தொடங்கிற்று. 2023இல் அதன் பரப்பு ஏறத்தாழ 3,900 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல் ஒன்பது மடங்கு! 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவருகே தரைதட்டி, அவ்வாண்டே சிதறலாயிற்று. ஆளில்லாக் கடலில் நடந்த இத்தனையையும் மனிதன் கண்டுகொண்டேயிருந்தான்.

மாதக்கணக்கில் இருளும், எஞ்சிய நாட்களில் மேகமும் மூடிய இடத்தில் எவ்வாறு கண்டான்? ராடார் கதிரவனின் ஒளிக்குக் காத்திருப்பதில்லை. செயற்கைக்கோளிலிருந்து தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிந்துகொள்கிறது. மேகம் அதற்குத் தடையன்று. அமைதியான நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடிபோல் அப்பால் தள்ளிவிடுவதால் படத்தில் கருமையாகத் தோன்றும். கரடுமுரடான பனி அலையை வந்த வழியே சிதறடிப்பதால் வெண்மையாகத் தோன்றும். பனியின் மேற்பரப்பு உருகி ஈரமானால் அவ்வெண்மை மங்கிப்போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்பணியில் நமக்கும் பங்குண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி எழும்போது, வானம் தெளிந்திருந்தால், அம்பத்தூர், ஆவடி மாடிகளிலிருந்தும் அதன் தீக்கீற்றைக் காணலாம். 2009 செப்டம்பரில் அங்கிருந்து சென்ற ஓஷன்சாட்-2 கடற்காற்றை அளக்க ராடார் கருவியொன்றைச் சுமந்து சென்றது. அது அனுப்பிய தரவுகளைக் கொண்டு அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் தென்துருவப் பனிப்பாறைகளின் நடமாட்டத்தையும் குறித்தனர். காற்றைத் தேடப் போனவனுக்குப் பனியும் கிடைத்தது. 2025 ஜூலை 30ஆம் நாள் அதே தீவிலிருந்து ஏவப்பட்ட நிசார், இந்தியாவும் அமெரிக்காவும் கூடிச் செய்த ராடார் செயற்கைக்கோள். 12 நாட்களுக்கு ஒருமுறை ஒரே பாதைக்குத் திரும்பி நிலத்தையும் பனியையும் நோக்குமாறு அமைக்கப்பட்டது.

இனி வினாவுக்கு வருவோம். கண்டவனுக்குக் கடன் ஏதேனும் உண்டா? 'நான் கண்டேன், குறித்துக்கொண்டேன், என் வேலை முடிந்தது' என்று அவன் எழுந்து போகலாமா?

அரபு மொழியில் 'ஷஹித' என்னும் வினைச்சொல் ஓரிடத்தில் இருந்து காண்பதையும் குறிக்கும். கண்டதைச் சாட்சியாக எடுத்துரைப்பதையும் குறிக்கும். காண்பவன் ஒருவன், சாட்சி சொல்பவன் வேறொருவன் என்று அம்மொழி பிரிக்கவில்லை. பிறை கண்டவன் யாரிடமும் சொல்லாமல் உறங்கிவிட்டால் ஊருக்கு அது காணாப் பிறைதானே!

1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. பாறையைப் பற்றி எவரும் அறியாமல் நேர்ந்த விபத்தன்று அது. அன்றைய தினம் வேறு கப்பல்கள் கம்பியில்லாத் தந்தி மூலம் எச்சரித்திருந்தன. மெசாபா என்ற கப்பல் விடுத்த எச்சரிக்கை தந்தி அறைவரை வந்தது. கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளிடம் போய்ச் சேரவில்லை என்றே கருதப்படுகிறது. கண்டவர் இருந்தனர், சொன்னவரும் இருந்தனர். கப்பலுக்குள் ஓர் அறைக்கும் மற்றோர் இடத்துக்கும் இடையில் சாட்சியம் நின்றுவிட்டது. 1,500 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாண்டு கழித்தே பன்னாட்டுப் பனிக் காவல் அமைப்பு உருவாயிற்று.

நம் வாசலுக்கு வருவோம். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் 1ஆம் நாள் பெய்த பெருமழையில் அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறக்கப்பட்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. குற்றம் யாருடையது என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது; அதற்குத் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. நீர்மட்டத்தை அளக்க ஆள் இருந்தார், அளவும் கணக்கில் இருந்தது. ஆற்றங்கரையில் உறங்கியவர்களுள் பலருக்கோ கணக்கு வருமுன் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு குடும்பமும் குடியிராத பனிப்பாறையின் நடையை நாம் வாரந்தோறும் குறிக்கிறோம் என்பதை இங்கே எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ராடார் அன்று இரவு எல்லாரையும் காத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. வயல்வெளியில் பரந்த வெள்ளத்தை அது கரும்பரப்பாகத் தெளிவாகக் காட்டிவிடும். வீடுகள் நெருங்கிய தெருவிலோ, நீரிலும் சுவரிலுமாக அலை இருமுறை பட்டுத் திரும்பி, வெள்ளம் நின்ற இடமே வெளிச்சமாகவும் தோன்றக்கூடும். செயற்கைக்கோள் நினைத்த நாழிகையில் வருவதுமில்லை. ஆகவே வானத்துக் கண்ணைவிட ஏரிக்கரையில் நிற்கும் மனிதரின் கண்ணுக்கே கடன் மிகுதி.

'தரவுகள் யாவும் திறந்தே கிடக்கின்றன, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று இக்காலத்தில் ஒரு மறுமொழி கேட்கிறோம். திறந்து வைப்பது நல்லதே. ஆயினும் அமானத்தாகப் பெற்ற பொருளைத் திண்ணையில் வைத்துவிட்டு, 'கதவு திறந்துதான் இருந்தது' என்று சொன்னால் பொறுப்பு நீங்குமா? உரியவர் கையில் அது சேர வேண்டும். வெள்ளத்தைப் பற்றிய அறிவுக்கு உரியவர் யார்? அதில் மூழ்கப் போகிறவரே. மற்றவர் எல்லாரும் அதை அவரிடம் கொண்டு சேர்க்கும் கைகள்.

பொய்யெச்சரிக்கையால் பீதி பரவும், இரண்டுமுறை பொய்த்தால் மூன்றாம் முறை எவரும் செவிகொடார் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் ஐயத்தோடு கண்டவன் ஐயத்தோடே சொல்லலாம். 'வரக்கூடும்' என்பதும் ஒரு சாட்சியமே. சொல்லும் மொழியையும் பார்க்க வேண்டும். 'நொடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி' என்பது பொறியாளருக்குப் பொருள்படும். பேரக்குழந்தைகளோடு கீழ்த்தளத்தில் இருக்கும் மூதாட்டிக்கு அதனால் என்ன விளங்கும்? எந்தத் தெருவில், இரவு எத்தனை மணிக்கு, முழங்கால் அளவா இடுப்பளவா என்று சொன்னால் அவர் எழுந்து நடப்பார். அந்தச் சொல்லை எடுத்துச் செல்லப் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருக்கிறது. கோயிலிலும் மாதா கோயிலிலும் இருக்கிறது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட ஒரு கை இருக்கிறது.