அமைதி என்பது அசைவின்மையா?

சரணம் புகுந்தபின் இனிச் செய்ய வேண்டுவது யாது என்று உபாசகர் சிலர் வினவுகின்றனர். பஞ்சசீலம் ஏற்றோம், பழைய வழிபாடுகளை விடுத்தோம், மனம் அமைதியுற்றது, இனி ஓய்ந்திருக்கலாம் என்பது அவர்தம் எண்ணம். அமைதி என்பது ஓய்வுதானா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

இதற்கு இரசாயன நூல் நல்லதோர் விளக்கம் தருகின்றது. பௌத்தர் விஞ்ஞானத்தை நாடுவது புதிதன்று. 1907-ஆம் ஆண்டில் பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கில நூல் இயற்றிய பேராசிரியர் இலட்சுமி நரசு, சென்னையில் விஞ்ஞானம் கற்பித்தவரே.

மூடிய சோடாப் புட்டியைக் காண்க. உள்ளே யாதும் நிகழாததுபோல் தோன்றும். உண்மையில் கரியமில வாயு இடையறாது நீரிற் கரைகின்றது. நீரிலிருந்து வெளிப்படவும் செய்கின்றது. கரைந்ததில் ஒரு சிறுபகுதி நீரோடு கூடி அமிலமாகின்றது. அவ்வமிலம் மீண்டும் பிரிகின்றது. போக்கும் வரவும் ஒரே வேகத்தில் நிகழ்வதால் அளவு மாறுவதில்லை. இதுவே சமநிலை. இருபுறத்தும் பொருளளவு ஒத்திருக்க வேண்டுவதில்லை. வேகம் ஒத்திருத்தல் வேண்டும். இதன் விதியை 1864-இல் நார்வே நாட்டு அறிஞர் கூல்பர்க்கும் வாகேயும் வகுத்துரைத்தனர். கதிரியக்க அணுக்களை அடையாளமாக இட்டு இத்தகைய மறைந்த இயக்கங்களைத் தொடர்ந்தறியும் முறையை அளித்த ஹெவெசிக்கு 1943-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெங்களூர்ப் பஞ்சாலைகளில் சாயத் தொட்டியருகே நின்று உழைத்தோர் இதனையொத்த நிகழ்ச்சியைக் கண்ணாற் கண்டவர். பருத்திக்கு உப்பிட்டு ஏற்றும் சாயம் நீரிலிருந்து நூலுக்குச் செல்லும். நூலிலிருந்து நீருக்கும் திரும்பும். இரண்டும் ஒத்தபோது நிறம் நிலைத்துவிட்டதாகத் தோன்றும். அந்நூலைத் தெளிந்த நீரில் இட்டாலோ சாயம் கழலத் தொடங்கும். தொட்டியில் உப்பைக் கூட்டினால் நூலிற் சாயம் மிகும்.

அன்பர்களே! தம்மம் நம்முள் ஏறிய சாயம். நம்மைச் சூழ்ந்த சமூகமே நீர். அதிலன்றோ நாம் நாள்தோறும் தோய்கின்றோம்! 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். அவற்றை ஒருமுறை உரைத்தல் எளிது. மகளுக்கு மணம் பேசும் வேளையில் உட்சாதியை வினவும் குரல் நம் வீட்டுக்குள்ளேயே எழுகின்றதே. அப்போது கழல்வது யாது? கழலும் இயல்பு இயற்கையாயினும், கழல்வதற்கு ஈடாக ஏற்றாதிருத்தல் நமது குற்றமேயாம்.

இதனாற்றான் பகவன் புத்தர் எண்வகை மார்க்கத்துள் நல்லூக்கத்தையும் வைத்தார். எழாத தீமையை எழாது காத்தல், எழுந்த தீமையை நீக்குதல், எழாத நன்மையை எழுப்புதல், எழுந்த நன்மையை வளர்த்து நிலைநிறுத்தல் என அது நான்காம். நான்கும் அன்றாடத் தொழில்கள். பௌர்ணமிக் கூட்டமும், பிள்ளைகளுக்கு அறம் பயிற்றுதலும், சாதி நோக்காத மணமும் நாம் தொட்டியில் இடும் உப்பாகும்.

ஒன்று தெளிக. சமநிலை காரணங்களைச் சார்ந்தது. மூடி திறந்தால் குலைவது. நிப்பானமோ காரணங்களால் ஆக்கப்படாதது என்பது தம்மம். ஆதலின் இவ்வுவமை நிப்பானத்துக்கு ஆகாது. இல்லறத்தில் நின்று மார்க்கத்தில் நடக்கும் நமக்கே பொருந்தும்.

உபாசகனது அமைதி உறக்கமன்று. எதிர்வரும் ஒவ்வொரு தீய விசைக்கும் நிகரான நல்விசை அவனுள் உழைத்துக்கொண்டிருப்பதன் பயனாகும். ஆகவே, சரணம் புகுந்த நாளை நமது உழைப்பின் முதல்நாளாகக் கொள்வோமாக.