நின்றால் நிற்கட்டும்

ரோலர் கோஸ்டர் நடுவழியில் நின்றுபோவது குற்றமில்லை. ஏன் நின்றது என்று தெரியாமலே மறுபடி ஓட்டிப் பார்ப்பதும், மேலே மாட்டிக்கொண்டவர்களிடம் "இதோ, அஞ்சு நிமிஷம்" என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதும், தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டால் பெயர் கெட்டுவிடும் என்று தயங்குவதும்தான் குற்றம். பொழுதுபோக்குப் பூங்கா நடத்துகிறவர்களும் திருவிழாவில் ராட்டினம் போடுகிறவர்களும் இதை இன்றைக்கே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். விடுமுறைக் கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டால் யோசிக்க நேரம் கிடைக்காது.

முதலில், வண்டி ஏன் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியில் ஒரு வண்டிக்குத்தான் இடம். முன்னால் போனது அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டது என்று சென்சார் சொன்ன பிறகே பின்னால் வருவதற்கு வழி கிடைக்கும். ரயில்வே சிக்னலில் உள்ள அதே ஏற்பாடு இது. கணினிக்குச் சந்தேகம் வந்தால் நிறுத்திவிடும். ஏற்றத்தில் சங்கிலி இழுக்கும்போது 'டக் டக்' என்று கேட்குமே, அது வண்டி பின்னால் சரியாதபடி கவ்வும் இரும்புப் பல்லின் சத்தம். சங்கிலி நின்றாலும் அந்தப் பிடி விடாது. ஆக, உச்சியில் வண்டி நின்றால், பெரும்பாலும் இயந்திரம் தன் கடமையைச் செய்துவிட்டது என்றே கொள்ளலாம். கெடுப்பது அதற்கப்புறம் மனிதர்கள் காட்டும் அவசரம்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் ஆல்டன் டவர்ஸ் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. 2013இல் அங்கே 'ஸ்மைலர்' என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். ஒரே ஓட்டத்தில் 14 முறை தலைகீழாகப் புரட்டும். அதற்காக உலக சாதனை என்று பெயரும் வாங்கியது. 2015 ஜூன் 2 அன்று காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. சோதனைக்காக ஆளில்லாமல் அனுப்பிய வண்டி ஒன்று பாதையின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் 16 பேருடன் கிளம்பிய வண்டியைக் கணினி ஏற்றத்திலேயே பிடித்து வைத்தது. முன்னே ஏதோ இருக்கிறது, போகாதே என்பதுதான் அதற்குப் பொருள். பொறியாளர்களோ கணினிதான் தவறு செய்கிறது என்று நினைத்தார்கள். தடையை மீறிக் கையால் இயக்கினார்கள். வண்டி இறங்கியது, நின்றிருந்த வண்டியில் போய் மோதியது. ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 90 மைல் வேகத்தில் மோதுவதற்குச் சமம் என்று பின்னாளில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஐந்து பேருக்குப் படுகாயம். இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். தரையிலிருந்து சுமார் 20 அடி உயரத்தில், சாய்ந்த இருக்கைகளில் சிக்கியிருந்தவர்களை மீட்டு முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மோதிய பிறகு அவசர உதவிக்கு முதல் அழைப்பு போகவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2016 செப்டம்பரில் அந்தப் பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தார்கள். பொத்தானை அழுத்திய ஆளின் தலையில் பழியைக் கட்டிவிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை. தடையை எப்போது மீறலாம், யாரைக் கேட்டு மீறலாம் என்ற ஒழுங்கையே அது வகுத்து வைத்திருக்கவில்லை. முதலாளிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ரைடு எத்தனை நிமிடம் சும்மா நின்றது என்று மட்டும் மாலையில் கணக்குக் கேட்டீர்களானால், உங்கள் ஆபரேட்டர் நாளைக்கு ரீசெட் பொத்தானைத்தான் தேடுவார். காரணம் தெரியாமல் வண்டியை நிறுத்தி வைத்தவரைக் கூப்பிட்டுப் பாராட்டுங்கள். பாதை முழுவதையும் இரண்டு பேர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மறுபடி ஓட்டக்கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். கையெழுத்து இல்லாமல் ஓட்டியவர் யாரானாலும், உங்கள் மகனே ஆனாலும், அன்றோடு அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நின்ற வண்டியிலிருந்து ஆட்களை இறக்குவது முடியாத காரியமல்ல. 2021 ஜூலையில் இங்கிலாந்தின் பிளாக்பூலில் 'பிக் ஒன்' என்ற ரோலர் கோஸ்டர் ஏற்றத்தில் நின்றது. ஊழியர்கள் பயணிகளை வெளியே எடுத்து, பாதையோரத்து இரும்புப் படிகளில் நடத்தியே கீழே கொண்டுவந்தார்கள். அந்தப் படிகள் பெரும்பாலும் ஏற்றத்தில்தான் இருக்கும்; சுழலுக்குள் நின்றால் படியும் இல்லை, கைப்பிடியும் இல்லை. 2014இல் அமெரிக்காவில் மேரிலாந்து பூங்கா ஒன்றில் நடுவழியில் நின்ற வண்டியிலிருந்து 24 பேரைத் தீயணைப்பு வீரர்கள் இறக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது. 2023 ஜூலையில் விஸ்கான்சினில் ஒரு திருவிழா ராட்டினம் உச்சியில் நின்றபோது, அதிலிருந்தவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், மூன்று மணி நேரம் தலைகீழாகத் தொங்கினார்கள். உயரத்துக்கேற்ற கருவி உள்ளூரில் இல்லை, வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது. நம் சென்னையிலும் 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மேலே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையின் ஸ்கைலிஃப்ட் வந்துதான் அவர்களை இறக்கியது.

தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு ரத்தம் முகத்தில் ஏறிக் கண் பிதுங்கும், தோள்பட்டைக் கம்பி சதையை அறுக்கும். நேராக உட்கார்ந்திருப்பவனுக்கும் வெயிலில் காய்ந்த இரும்பு தொடையைச் சுடும். மைக்கைக் கையில் எடுங்கள். என்ன ஆனது, யார் வருகிறார்கள், எவ்வளவு நேரமாகும் என்று உள்ளபடி சொல்லுங்கள். நேரம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், ஆனால் பேச்சை நிறுத்தாதீர்கள். கீழே கழுத்தை அண்ணாந்து நிற்கும் தாய் தகப்பனை விரட்டாதீர்கள். நிழலில் உட்காரவைத்து, அவர்களோடு பேச ஓர் ஆளை நிறுத்துங்கள். படம் எடுக்கிறவர் போனைப் பிடுங்குவதற்கு அனுப்பும் காவலாளியைத் தண்ணீர் சுமக்க அனுப்புங்கள்.

ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி நின்றால் கம்பிக்கு அடியில் உடம்பை நெளித்து வெளியே வரப் பார்க்காதீர்கள். அந்தக் கம்பிதான் உங்களைத் தாங்குகிறது. "காசு கொடுத்திருக்கோம், ஓட்டு" என்று வரிசையில் நின்றபடி ஆபரேட்டரை மிரட்டாதீர்கள்.

நாளைக் காலை கதவு திறக்குமுன் ஒத்திகை வையுங்கள். வண்டியை வேண்டுமென்றே உச்சியில் நிறுத்துங்கள். உங்கள் மேலாளரையே அதில் உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவரை இறக்குங்கள். பிறகு சுழலின் நடுவே வெறும் இருக்கையில் மணல் மூட்டையைக் கட்டி அதையும் இறக்கிப் பாருங்கள். உள்ளூர்த் தீயணைப்பு நிலைய அலுவலரையும் வரச் சொல்லுங்கள். அவருடைய ஏணி எட்டாவிட்டால், எட்டுகிற ஏணிக்கு வழி செய்யும்வரை அந்த ரைடுக்கு டிக்கெட் கொடுக்காதீர்கள்.