பெயரிழந்த சைக்கிள்

பிறப்பை அறிதல் வேறு. பிறப்பால் அளத்தல் வேறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கொண்டதனாலேயே நம் சமூகம் பல நூற்றாண்டுகள் துன்புற்றது. ஒருவன் எக்குலத்தில் தோன்றினான் என்று வினவுவோரைக் கண்டால் நமக்குச் சினம் உண்டாகிறது, உண்டாவது முறையே. ஆயின் அச்சினத்தின் வேகத்தில், எதன் தோற்றத்தையும் ஆராய்தலே தவறு என்னும் முடிவுக்கும் நம்மில் சிலர் வந்துவிடுகின்றனர். இது சரியா? ஒரு பழைய சைக்கிள் இவ்வினாவை நம் முன் நிறுத்திற்று. அதனை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ஜப்பானில் பயன்படுத்திக் கழித்த சைக்கிள்கள் கப்பலேறி மலேசியாவுக்கு வந்து, பழைய சாமான் கடைகளில் வரிசையாக நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அத்தகைய கடையொன்றில் 180 வெள்ளி கொடுத்து ஒன்றை வாங்கினோம். வளைந்த கைப்பிடியும் மெல்லிய சக்கரமும் உடைய விரைவு வண்டி அது. யாரோ தூரிகையால் கருஞ்சாயம் பூசியிருந்தமையால் அதன் பெயர் மறைந்துபோயிருந்தது. கடைக்காரரைக் கேட்டோம். "ஜப்பான் சாமான் அண்ணே, பேரு எதுக்கு? நல்லா ஓடும்" என்றார். அவர் கூற்றில் முதற்பாதி மெய், வண்டி ஓடவில்லை.

ஓடச் செய்ய வேண்டுமாயின் அதன் தோற்றத்தை அறிந்தே தீரவேண்டும். ஏனெனில் ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் அளவில் திருகு மரை வெட்டினர். பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணம் ஆங்கில அளவாயின், சங்கிலிப் பக்கத்து மரை இடப்புறமாகச் சுற்றும். மிதிக்க மிதிக்கத் தளர்ந்துவிடாதிருக்கவே அவ்வாறு அமைத்தனர். ஜப்பானியரும் அவ்வளவையே மேற்கொண்டனர். இத்தாலிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இரு பக்கமும் வலமரையே. இதனை அறியாது ஸ்பேனரை மாறாகத் திருப்புவோன், தளர்த்துவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே இருப்பான். சக்கரத்தின் கதையும் அதுவே. 27 அங்குலம் எனப்படும் ரிம்முக்கும் 700 எனப்படும் ரிம்முக்கும் குறுக்களவில் உள்ள வேறுபாடு வெறும் 8 மில்லிமீட்டர். ஆயினும் ஒன்றின் டயர் மற்றொன்றில் அமையாது.

ஆகவே ஆராயலானோம். கருஞ்சாயத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தபோது உள்ளே நீல நிறம் தோன்றிற்று. அடிப்புறத்தில் பொறித்த எண்கள் தோன்றின. குழாய் செய்த டாங்கே நிறுவனத்தின் ஒட்டுத்தாளில் ஒரு மூலை தோன்றிற்று. கியர் மாற்றும் கருவியின் பின்புறம் ஷிமானோ நிறுவனத்தார் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பொறித்திருந்தனர்: ஐ, சி. முதலெழுத்து ஆண்டைக் குறிக்கும். ஏ எனில் 1976, பி எனில் 1977. இரண்டாம் எழுத்து திங்களைக் குறிக்கும். ஆதலின் அக்கருவி 1984 மார்ச்சில் செய்யப்பட்டது. கருவியைப் பின்னர் எவரும் மாற்றியிருத்தல் கூடுமன்றோ? பிற உறுப்புகளையும் நோக்கினோம், அவையும் அக்காலத்தனவே. செய்தோன் பெயர் மட்டும் இறுதிவரை தோன்றவில்லை.

பழுது நீக்குவதற்கோ அப்பெயர் தேவைப்படவில்லை. இரும்புக் குழாயினுள் நெடுநாள் அசையாதிருந்த அலுமினிய இருக்கைத் தண்டு இறுகிப் பற்றியிருந்தது. மூன்று நாள் எண்ணெய் விட்டுக் காத்திருந்தபின் அசைந்துகொடுத்தது. பின்சக்கர அச்சில் பக்கத்துக்கு 9 கால் அங்குலக் குண்டுகளும், முன்சக்கர அச்சில் பக்கத்துக்கு 10 சிறு குண்டுகளும் புதியனவாக இட்டுக் கிரீஸ் தடவினோம். சங்கிலி, டயர், பிரேக் கம்பி ஆகியவற்றை மாற்றினோம். வண்டி ஓடிற்று.

பெயரைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். அமெரிக்காவில் யூனிவேகா என்னும் பெயரால் விற்கப்பட்ட வண்டிகள் பலவற்றை ஜப்பானில் மியாத்தா நிறுவனத்தார் செய்து கொடுத்தனர். குழாயின்மேல் மின்னியது இறக்குமதி செய்தோன் வைத்த பெயர். அந்த மியாத்தாவோ 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிப் பட்டறையாக இருந்து சைக்கிளுக்கு மாறியது. 1921இல் ஷிமானோ தோன்றிய சக்காய் நகரமும் முற்காலத்தில் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பெயர் பெற்றதே. பெயரை உரித்தால் உள்ளே வேறு பெயர்; அதனை உரித்தால் இரும்பை அறிந்த தொழிலாளியின் கை.

நிற்க. நகரத்தில் வாழும் நண்பர் ஒருவர் வண்டியைக் கண்டு வியந்தார். "புகழ்பெற்ற இத்தாலியப் பெயர் ஒன்றை இதன்மேல் ஒட்டிவிடும், 1,500 வெள்ளிக்கு நானே ஆள் பிடித்துத் தருகிறேன்" என்றார். நாம் தயங்கினோம். "பெயரில் ஒன்றுமில்லை என்று ஊருக்கெல்லாம் உரைப்பவர் அல்லவோ நீர்? ஒன்றுமில்லாததை ஒட்டுவதில் என்ன குற்றம்?" என்று மடக்கினார்.

அவ்வினா நம்மை இரண்டு இரவுகள் உறங்கவொட்டாது செய்தது. 1,500 வெள்ளி நமக்குச் சிறு தொகையன்று. வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. முடிவில் நமக்குத் தோன்றிய விடை இது: பெயரில் ஒன்றுமில்லை என்று மெய்யாக நம்புவோன் பெயரை விலைக்கு விற்கமாட்டான். இவ்வண்டி 1,500 வெள்ளி பெறுமாயின், அவ்விலையின் பெரும்பகுதி இரும்புக்கு அன்று. பெயர்மீது வாங்குவோன் கொண்ட மயக்கத்துக்கே. மயக்கத்தைக் கடிந்துரைத்துக்கொண்டே அதனால் பொருளீட்டுவது, சாதியைப் பழித்துக்கொண்டே சாதிப் பட்டத்தால் வரும் மரியாதையை ஏற்பது போன்றது. செங்கற்பட்டில் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு வேண்டிற்று. எல்லோரும் உயர்ந்த பட்டம் ஒன்றைச் சூட்டிக்கொள்ளுங்கள் என்று வேண்டவில்லை.

அவ்வாறாயின், தன் குலத்தைக் கூறாமல் வீடு தேடும் எளியவனும் பொய்யன்தானோ என்று சிலர் வினவலாம். அன்று. அவன் கேட்கத் தகாத வினாவுக்கு விடை மறுக்கிறான்; எவர் பொருளையும் பறிக்கவில்லை. பொய்ப்பெயர் ஒட்டுவோனோ, கேட்கத்தக்க வினாவுக்குப் பொய்விடை கூறிப் பொருள் பறிக்கிறான். அதுவும் எத்தனை நாளைக்கு? பொய்யைக் குழாயின்மேல் ஒட்டலாம். மரையில் ஒட்ட இயலாது. அவ்வண்டியை அடுத்துப் பழுதுபார்ப்பவன் ஸ்பேனரை வைத்தவுடன் உண்மை வெளிப்பட்டுவிடும். நண்பரிடம் இயலாது என்றோம்.

இவ்வளவில் நாம் நேர்மையாளர் என்று சிறிது செருக்குற்றிருந்தோம். அச்செருக்கை அடக்கும் சோதனை வீட்டிலேயே காத்திருந்தது. வாசலில் நின்ற வண்டியைக் கண்ட எம் பாட்டியார், "இது எந்த ஊரு சைக்கிள் அய்யா?" என்று கேட்டார். ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கி, சாலைகளில் சைக்கிளேறி வந்து, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைக்கொண்டது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். மிகப் பலர் மீளவில்லை. மீளாதவருள் எம் பாட்டியாரின் தந்தையும் ஒருவர்.

உண்மையைக் கூற நா எழவில்லை. இங்கிலாந்து வண்டி என்று சொல்லிவிட்டால் முதியவர் மனம் நோகாதே என்று எண்ணினோம். உடனே நண்பரின் ஒட்டுத்தாள் நினைவுக்கு வந்தது. விற்பதற்குப் பெயர் மாற்றுவது பொய்; வேதனை தவிர்க்கப் பெயர் மாற்றுவது மட்டும் மெய்யாகுமோ? மேலும், நம் முன்னோரைக் காட்டழிக்கக் கப்பலேற்றி வந்த வெள்ளையன் பெயரைச் சொன்னால் மட்டும் வரலாறு தூயதாகிவிடுமோ? "ஜப்பான் சைக்கிள் பாட்டி" என்றோம்.

"அவனுங்க சைக்கிள்லதான் வந்தானுங்கன்னு எங்கம்மா சொல்லும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "இத வாசல்ல நிறுத்தாதே அய்யா" என்றார்.

1984இல் இதனைச் செய்த தொழிலாளி அப்போரில் குழந்தையாய் இருந்திருப்பான், அல்லது பிறந்தே இருக்கமாட்டான். இரும்புக்குப் பாவம் இல்லை. பிறந்த நாட்டால் ஒரு பொருளை வெறுப்பது பகுத்தறிவன்று என்றெல்லாம் வாதங்கள் நம்மிடம் ஆயத்தமாக இருந்தன. அவற்றுள் ஒன்றையும் கூறவில்லை. வண்டியைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிச் சென்றோம்.

பிறப்பால் அளப்பதற்கு நீரும் இணங்கிவிட்டீரே என்பீராயின், இல்லை என்போம். பாட்டியார் சைக்கிளை அளக்கவில்லை, தந்தையை நினைத்தார். பொருளின்மேல் பழி சுமத்தாதே என்று நம்மிடம் கூறும் அறிவு, நினைவின்மேலும் பழி சுமத்தாதே என்றே கூறும். தோற்றத்தை மறைப்பவன் இருவருக்கும் தீங்கிழைக்கிறான்: பொருளை வாங்குவோனுக்கும், அதனால் நொந்தவருக்கும். தோற்றத்தை முழுவதும் அறிந்து, ஒளியாது உரைத்து, அதன்பின் தொழிலால் மதிப்பிடுவதே முறை.

இன்றும் அவ்வண்டியின் நெற்றி வெறுமையாகவே உள்ளது. என்றேனும் விற்க நேரின், "ஜப்பான், 1984 அளவில், செய்தோர் தெரியவில்லை, நன்கு ஓடும்" என்று எழுதிக் கொடுப்போம். மனிதரையும் இவ்வளவு நேர்மையோடு அறிமுகம் செய்ய நாம் என்று கற்றுக்கொள்வோமோ, அன்றே நாம் பேசும் சீர்திருத்தம் மெய்யாகும்.