இருபது கிலோவுக்கு மேல்

ஈர மீனுக்கு ஒரு எடை, அதே மீன் கருவாடானால் வேறு எடை. மீனவ ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் இது தெரியாமல் யாரும் விலை பேசுவதில்லை. கஞ்சா வழக்கிலோ எடைதான் ஆளின் தலையெழுத்து.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்ததே 10 ஆண்டு, அதிகபட்சம் 20. மனமிரங்கினாலும் நீதிபதி பத்துக்குக் கீழே இறங்க முடியாது. 37-ஆம் பிரிவு ஜாமீனையும் ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. 2001 வரை கஞ்சாவுக்கு அதிகபட்சத் தண்டனையே 5 ஆண்டுதான்.

இந்தக் கடுமையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிள்ளை போதையில் கிடப்பதைப் பார்த்த தாய், சட்டம் இன்னும் இறுக வேண்டும் என்பாள். அவளிடம் வாதாட யாருக்கும் வாய் வராது. ஒரே குற்றத்துக்கு நீதிபதிக்கு நீதிபதி தண்டனை மாறுவதையும் எடைக்கணக்கு ஓரளவு தடுக்கிறது.

ஆனால் எடை யார் கையில் இருக்கிறது? முகத்துவாரம் மண்ணேறி, படகு கடலுக்குப் போக வழியில்லாத மாதத்தில், கூலிக்குக் கஞ்சா மூட்டை சுமக்க ஒருவன் ஒத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 21 கிலோவும் அவன் தோளில். சரக்குக்குப் பணம் போட்டவன் ஒரு கிராமைக்கூடத் தொட்டிருக்க மாட்டான். அவனுக்கென்று 27ஏ பிரிவு இருக்கிறது; அதற்குப் பணம் வந்த தடத்தை நிரூபிக்க வேண்டும். மூட்டையை நிரூபிக்கத் தராசு போதும்.

ஊர்ப் பஞ்சாயத்து இந்தச் சட்டத்தைவிட மேல் என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. ஆளைத் தெரிந்து விசாரிக்கும், உண்மைதான். ஆனால் ஊர் ஒதுக்கிவைத்தால் குற்றமே செய்யாத மனைவிக்கும் அல்லவா தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பேச்சு நின்றுபோகிறது? சிறைக்கு மாற்றாக அபராதம் போட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. கானா நாடு 2020-இல், சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருள் வைத்திருப்பவருக்குச் சிறைக்குப் பதில் அபராதம் என்றாக்கியது. கட்ட முடியாதவருக்குச் சிறைதான். ஏழைக்கு எங்கும் அதே வாசல்.

நம் சட்டத்தில் 32பி என்றொரு பிரிவு இருக்கிறது. வன்முறை, ஆயுதம், சிறுவர்களைப் பயன்படுத்தியது போன்றவற்றைப் பார்த்துக் குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டனையைக் கூட்டலாம் என்கிறது. கூட்டுவதற்கு ஆளையும் சூழ்நிலையையும் பார்க்கலாமாம்; குறைப்பதற்கு மட்டும் பார்க்கக் கூடாதாம். முதல் தடவையா, கிடைத்தது வெறும் கூலியா, சரக்கு யாருடையது என்று கேட்டு 10 ஆண்டுக்குக் கீழே இறங்கும் அதிகாரத்தையும் நீதிபதிக்குக் கொடுப்பதில், சட்டம் இறுக வேண்டும் என்னும் தாய்மார்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.